அசையாத பிள்ளை

குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவளை எல்லாரும் மிஸ் என்றே கூப்பிட்டார்கள். எல்லாம் மூன்று, நான்கு வயது வாண்டுகள். தொடாதே என்றால் தொடும், ஓடாதே என்றால் பறக்கும். பிரேக் இன்னும் முளைக்காத வயசு என்று மிஸ் சிரித்துக்கொள்வாள். அதைப் பழக்கத்தான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டேச்சு விளையாட்டு. பாட்டு ஓடும்வரை ஆடலாம், நின்றால் சிலையாக வேண்டும். எந்தச் சிலை நின்றது? ஒன்று தள்ளாடும், ஒன்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். வாலு என்று பேரெடுத்தவன், "ஆடாத, ஆடாத" என்று தனக்கே உரக்கச் சொல்லிக்கொண்டு ஆடுவான்.

சிட்டு புதிதாகச் சேர்ந்தவள். பாட்டு நின்றதும் அவள் அப்படியே உறைந்தாள். "பாருங்க, சிட்டு எவ்வளவு சமத்து!" என்று மிஸ் கைதட்டினாள்.

ஒரு மதியம் சிட்டுவின் கன்னத்தில் ஈ ஒன்று உட்கார்ந்தது. மெல்ல ஊர்ந்து, கீழிமையின் ஈரத்தில் வாய் வைத்தது. சிட்டு இமைக்கவில்லை. மூச்சு விடுகிறாளா என்பதே தெரியவில்லை. மிஸ் ஓடிப்போய் ஈயை விரட்டினாள்.

"போதும் கண்ணு. விளையாட்டு முடிஞ்சுபோச்சு."

சிட்டுவின் கண்மணிகள் மட்டும் கதவுப் பக்கம் நகர்ந்தன. உதடு அசையாமல் கேட்டாள்: "போயாச்சா?"

"யாரு?"

சிட்டுவின் பார்வை கதவை விட்டு நகரவில்லை.

மிஸ்ஸுக்கு அன்று வேலையே ஓடவில்லை. பெரியவர்களுக்கே கைவராத அடக்கம் இந்தப் பிஞ்சுக்கு எப்படி வந்தது? உள்ளிருந்து வளர்ந்ததாக அது தோன்றவில்லை. யாரோ வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மாலையில் சிட்டுவின் அம்மா வந்தாள். மகளுக்குச் செருப்பு மாட்டியபடி கலகலவென்று பேசிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு கார் ஹாரன் நீளமாக ஒலித்தது. அவள் கை செருப்பு வாரிலேயே நின்றது. பாதிச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் சிட்டு. இருவரும் ஒரே அச்சில் வார்த்தது போல, தாடையை உள்ளிழுத்து, மூச்சைப் பிடித்து நின்றார்கள்.

"இன்னிக்கு இவ அப்பா வரமாட்டேன்னாரே," என்றாள் அம்மா. உதடு அசையவில்லை.

மிஸ்ஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

செருப்புச் சத்தம் நெருங்கியது. கதவு தட்டப்பட்டது. "எங்க அவ?"

"அவங்க அப்பவே கிளம்பிட்டாங்க சார்." மிஸ் குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

அவன் போகவில்லை. கட்டடத்தைச் சுற்றிச் சரளைக்கல் நறநறத்தது. மங்கிய ஜன்னல் கண்ணாடியில் ஒரு நிழல் வந்து, காதை வைத்துக் கேட்பது போல் ஒட்டி நின்றது. அறையில் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள். வாலு ஒரு வார்த்தை பேசினால் போதும், குடி முழுகிவிடும்.

மிஸ் திரும்பிப் பார்த்தாள்.

பிள்ளைகள் எல்லாரும் சிட்டுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தாடையும் உள்ளே. எந்த இமையும் அசையவில்லை. வாலுவின் உதடுகள்கூட ஓய்ந்திருந்தன. யாரும் சொல்லித்தரவில்லை. இத்தனை நாள் பாட்டுப் போட்டுக் கெஞ்சியும் வராத அமைதி, கண நேரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. வெளியே நின்றவனைவிட அதுதான் அவளை அதிகம் நடுங்கவைத்தது.

நிழல் விலகியது. கார் புறப்பட்டுப் போனது. அப்போதும் ஒருவரும் அசையவில்லை. மிஸ் வாலுவைத் தூக்கினாள். விறகுக்கட்டை மாதிரி விறைத்திருந்தான். உள்ளங்கையைத் தேய்த்து, "அழுடா ராஜா, சத்தமா அழு," என்றாள். அவன் வீறிட்டான். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஓலமிட்டன. சிட்டு மட்டும் அழவில்லை. இதற்கெல்லாம் அனுமதி உண்டா என்பது போல வாய்பிளந்து பார்த்தாள்.

அம்மா தன் அக்காவுக்குப் போன் செய்தாள். பெரியம்மா டாக்சியில் வந்து இருவரையும் பின்வாசல் வழியாக அழைத்துப்போனாள். வேறு ஊர், போலீசில் புகார் என்று பிறகு தெரிந்தது.

மாதங்கள் கழித்து அம்மா கூப்பிட்டாள். "மிஸ், இவளோட முடியல. சாதம் வேண்டாம்னு தட்டத் தூக்கி எறிஞ்சுட்டா. அடங்கவே மாட்டேங்கிறா." திட்டுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பின்னால் சிட்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் போனை அவ பக்கத்துல வையுங்களேன், கேக்கணும்," என்றாள் மிஸ்.