திருப்பிச் சொன்ன வார்த்தை

தூதருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளாது. முப்பத்துநாலு வருஷம் கப்பலின் மேல்தளத்தில் நின்றே பழகின கால். கடற்படையில் துணைத் தளபதி வரைக்கும் போய் ஓய்வு பெற்ற மனுஷனைப் பிடித்து, கோட்டு மாட்டி, வெளிநாட்டில் தூதராக உட்காரவைத்தால் அந்தக் கால் கேட்குமா? ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடையாய் நடந்து கம்பளத்தில் ஒரு தடமே விழுந்திருந்தது. அலுவலகத்தில் அதற்குக் கப்பல் பாதை என்று பெயர்.

கால் போகட்டும், வாயாவது சும்மா இருந்ததா? கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. சுக்கானை இடப்பக்கம் பத்து டிகிரி திருப்ப 'இடது பத்து' என்று உத்தரவு வந்தால், சுக்கான் பிடிப்பவர் 'இடது பத்து' என்று அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் சரியாக விழுந்தது என்பதற்கு அது அடையாளம். உத்தரவு போட்டவர் 'சரி' என்றால்தான் அந்தப் பேச்சு முடியும். பதினெட்டு வயதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அறுபத்துமூன்றிலும் அவரை விடவில்லை.

"சாயங்காலம் பல் டாக்டர்கிட்ட போகணும்" என்பாள் மனைவி.

"சாயங்காலம் பல் டாக்டர்" என்பார் இவர்.

"உங்களோட குடித்தனம் பண்றதும் கிணத்துக்குள்ள கத்துறதும் ஒண்ணு" என்று அவள் நொடித்துக்கொள்வாள்.

வீட்டில் சிரிப்போடு போன விஷயம், திங்கட்கிழமை அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தில் அவர் கழுத்தைப் பிடித்தது.

இவர் நாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோய், காற்று தள்ளிய பக்கமெல்லாம் போய், அவர்கள் எல்லைக்குள் வந்துவிட்டது. பதினோரு மாலுமிகளையும் பிடித்துத் துறைமுக வளாகத்தில் அடைத்து அறுபத்திரண்டு நாள் ஆயிற்று. அமைச்சகத்து இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க கப்பல் வேணும்னேதான் உள்ள வந்துச்சு" என்றார்.

"எங்க கப்பல் வேணும்னேதான் உள்ள வந்துச்சு" என்றார் தூதர். கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். அதற்கப்புறம் அரை மணி நேரம் மறுத்து மறுத்து வாதாடினார். என்ன பிரயோசனம்? மூலையில் குறிப்பெடுத்தவர் தனக்கு வேண்டியதை எழுதி முடித்துவிட்டார்.

மறுநாள் அந்தக் குறிப்பின் நகல் வந்தது. முதல் செயலாளர், பத்து வருஷமாக இதே தொழிலில் இருக்கிற பெண், அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"சார், தூதர் ஒத்துக்கிட்டார்னு போட்டிருக்காங்க."

"நான் எங்கம்மா ஒத்துக்கிட்டேன்? திருப்பிச் சொன்னேன்."

"நம்ம தொழில்ல ரெண்டும் ஒண்ணுதான் சார். வர்ற திங்கட்கிழமை பதினோரு பேரையும் கோர்ட்ல ஒப்படைக்கிறாங்களாம். ஏழு வருஷத்துக்குக் குறையாதுங்கிறாங்க."

புயலில் உத்தரவு போட்டே இருநூறு பேரைக் கரை சேர்த்த வாய், பதினோரு பேரை உள்ளே தள்ளிவிட்டதே! வெட்கத்தில் அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மத்தியானம் தலைநகரிலிருந்து உத்தரவும் வந்தது: இனி யாரிடமும் இது பற்றிப் பேசக் கூடாது, சனிக்கிழமை பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

இதில் பத்து மணி போன் வேறு. அந்தக் கப்பல் சமையல்காரரின் மனைவி தினமும் டாணென்று பத்துக்குக் கூப்பிடுவாள். கேட்பது ஒரே கேள்வி.

"ஐயா, எப்ப வருவாரு?"

"எப்ப வருவாருன்னு கேக்குறீங்க" என்பார் இவர். அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. புதன்கிழமையும் அதையே சொல்லிவிட்டுப் போனை வைத்தவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கப்பல் பாதையில் நாலு நடை நடந்தார். வண்டியை எடுக்கச் சொல்லித் துறைமுகத்துக்குப் போய்விட்டார். வாயைத் திறக்காதே என்ற உத்தரவை மட்டும் அவர் திருப்பிச் சொல்லவே இல்லை.

துறைமுகத் தலைவரும் கடற்படையில் இருந்து வந்தவர்தான், அந்த நாட்டுக் கடற்படை. தூதர் உள்ளே நுழைந்தபோது அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். நாற்காலி புதுக்கருக்குக் கலையாமல் இருந்தது. பக்கத்து மேஜையில் குமாஸ்தா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டான்.

"ரெண்டு டீ கொண்டாரவாங்கய்யா?" என்றான் பியூன்.

"ரெண்டு டீ" என்றார் தலைவர்.

தூதருக்குச் சுருக்கென்றது. கெஞ்சத்தான் வந்திருந்தார். கெஞ்சுவதற்கான வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டும் வந்திருந்தார். வாயைத் திறந்ததும் வந்தது கப்பலில் நின்று பேசிய பழைய குரல்.

"பதினோரு பேர். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. மூணாம் வாசல் வழியா வெளியே."

"பதினோரு பேர், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி, மூணாம் வாசல் வழியா வெளியே" என்றார் தலைவர்.

குமாஸ்தாவின் பேனா கீறிக்கொண்டே போய் நின்றது. தலைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பழைய பழக்கம்" என்றார் தலைவர். "அதை அடிக்கச் சொல்லட்டுமா?"

"அமைச்சகத்துல நான் சொன்னதை யாரும் அடிக்கலையே."

தலைவர் அவரையே பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "அமைச்சகத்துக் குறிப்பைப் படிச்சேன். படிச்ச உடனேயே தெரியும், இந்த மனுஷன் ஒண்ணும் ஒத்துக்கலைன்னு. ஆனா கப்பல் ஏறாதவங்ககிட்ட இதை எப்படிச் சொல்றது?" குமாஸ்தாவின் பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை வரைக்கும் அவங்க என் பொறுப்புதானே? எழுதினது இருக்கட்டும். கொண்டா, கையெழுத்துப் போடுறேன்."

"உங்களுக்கு வம்பு வராதா?"

"வரும். உங்களுக்கு வரலையா?"

இரண்டு பேரும் நின்றபடியே டீ குடித்தார்கள்.

வியாழக்கிழமை காலை வீட்டில் மனைவி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் மேஜையெல்லாம் காலி. தூதர் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பிருந்தே போன் பக்கத்தில் நின்றார். அடித்ததும் எடுத்தார்.

"ஐயா, எப்ப வருவாரு?"

"வெள்ளிக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு வெளிய வர்றாரும்மா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவருக்குப் பதைப்பாக இருந்தது. காதில் விழுந்ததா இல்லையா என்று கேட்க வாயெடுத்தார்.

"வெள்ளிக்கிழமை" என்றாள் அவள். "காலைல ஒன்பது மணிக்கு வெளிய வர்றாரு."

"சரி" என்றார் தூதர். பிறகு, அந்த அறைக்கு வந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, நாற்காலியை இழுத்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.