பென்சிலில் ஒரு வரி

மச்சான் ரொம்ப நல்லவன். கிளாரினெட்காரருக்கு அதுதான் சந்தேகம்.

இருபத்தாறு வருஷம் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து ஊதியவர். ஓய்வு பெறப்போகும் வருஷத்தில், பேண்டுக்கு முன்னால் தனியாக நின்று வாசிக்க ஒரே ஒரு வாய்ப்பு வந்தது. கிளாரினெட்டுக்கும் பியானோவுக்கும் எழுதிய பழைய உருப்படி. பியானோவில் இடது கை வாசிப்பதை ட்யூபாவுக்கும் வலது கை வாசிப்பதைப் புல்லாங்குழல்களுக்கும் பிரித்து எழுதும் வேலையை மனைவியின் தம்பி தானே கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் பெண்டாட்டிதான் பேண்டில் இரண்டாவது கிளாரினெட். முடிச்சுப் போட்டுப் பார்க்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

போன வாரம் சாப்பிடும்போது மச்சான் மெதுவாக ஆரம்பித்தான். "அத்தான், நடுப்பகுதியில நீளமா ஒரு வரி வருதே, அதுல மூச்சு எங்க எடுக்கறீங்க?"

"எடுக்கறதே இல்ல. ஒரே மூச்சு."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என நினைத்துக்கொண்டு அவர் கை கழுவப் போனார்.

கச்சேரியன்று எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில், இரண்டாவது கிளாரினெட்டின் தாளைப் புரட்டினார். அவள் சும்மா இருக்க வேண்டிய இடத்தில், பென்சிலால் பொடிப்பொடியாக, அவருடைய அந்த நீள வரி. பேண்டில் இது வழக்கம்தான். ஆள் வராத வாத்தியத்தின் வரியை இன்னொருவர் தாளில் இப்படிப் பொடியாக எழுதி வைப்பார்கள். நான் என்ன வராத ஆளா? சட்டைப் பையில் ரப்பர் இருந்தது. அழித்த தூளைக்கூட ஊதித் தள்ளிவிட்டுத்தான் வந்தார்.

மேடையில் முதல் பகுதி அருமையாகப் போனது. நடுப்பகுதியில், அந்த வரியின் பாதியில் மூச்சு காலை வாரிவிட்டது. கிளாரினெட் வாயில் இருக்கிறது, காற்றுதான் இல்லை. ட்யூபாவும் புல்லாங்குழல்களும் இல்லாத பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டே போயின. அவர் திரும்பிப் பார்த்தார். மச்சான் மனைவி கிளாரினெட்டை உதட்டருகே பிடித்தபடி, தாளையே பார்த்துக்கொண்டு ஊதாமல் உட்கார்ந்திருந்தாள்.

மேடைக்குப் பின்னால் மச்சான் அவள்மேல் பாய்ந்தான். "ஏன் வாசிக்கல? மாடி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குதுன்னு அக்கா அத்தனை தடவ சொன்னா. அதுக்குத்தானே அந்த ஒரு வரிய எழுதிக் கொடுத்தேன்?"

அவள் தலைகுனிந்து நின்றாள். கிளாரினெட்காரருக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"அவளத் திட்டாத. அழிச்சது நான்."

அவள் நிமிர்ந்தாள்.

"அது எனக்கு மனப்பாடம்ணா. தாள் இல்லாமலே வாசிச்சிருப்பேன். அழிச்சிருந்துச்சா, நீங்க தனியாவே முடிக்க ஆசைப்படறீங்கன்னு நினைச்சு விட்டுட்டேன்."