ஐந்தாம் வார்த்தை

என் வீட்டுக்காரர் வேதசிரோமணிக்குக் குரல்தான் சொத்து. தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டையரானவர். தாம்பரத்தில் எங்கள் சர்ச் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. மின்சார ரயில் போனால் போதகரே பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். இவர் நிறுத்தமாட்டார். ரயில்தான் தோற்றுப்போகும்.

பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசுவார்கள். ஐந்தாம் வார்த்தையான "தாகமாயிருக்கிறேன்" வருஷா வருஷம் இவருடையது. அதைச் சொன்னது கர்த்தரா, இவரா என்று எனக்கே சில சமயம் சந்தேகம் வரும்.

போன கிறிஸ்துமஸுக்குள் ஈறு சீழ் பிடித்து, பல் எல்லாவற்றையும் பிடுங்கும்படி ஆயிற்று. பொக்கை வாயில் "தா" என்றால் காற்றுதான் வந்தது. போதகர் நாசூக்காகத்தான் சொன்னார்.

"இந்த வருஷம் அசரியா பேசட்டுமே சார். நீங்க ரெஸ்ட் எடுங்க."

எங்கள் சபையைச் சேர்ந்த இந்த அசரியாவுக்குப் பல் வரிசையைத் தவிர வேறொன்றும் கிடையாது. இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "அதையும் விட்டுட்டா எனக்கு வேற என்ன இருக்கு, ஞானம்?" என்றார்.

குரோம்பேட்டைக்குப் பல் கட்டிக்கொள்ளப் போனோம். டாக்டர் பட்டாபிராமன் தயங்கினார்.

"ஈறு இன்னும் வத்தும் சார். இப்பவே செட் கட்டினா லூஸாயிடும். ஆறு மாசம் பொறுங்க."

"பெரிய வெள்ளி பொறுக்காதே டாக்டர்."

கட்டிக் கொடுத்தார். "வாய் ஈரமா இருக்கிற வரைக்கும்தான் மேல் செட் நிக்கும். அடிக்கடி தண்ணி குடிங்க" என்று சொல்லி அனுப்பினார்.

கிணற்றடியில் பயிற்சி நடந்தது. ஒரு மடக்குத் தண்ணீர், ஒரு "தாகமாயிருக்கிறேன்!" பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சாவித்ரி பதறிப்போய், மதிலுக்கு மேலே சொம்பை நீட்டினாள். "இந்தாங்க சார், முதல்ல குடிங்க!" மூன்று பேரும் சிரித்தோம். இவர் பல் தெரியச் சிரித்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் பெரிய வெள்ளியன்று ஆராதனை முடியும்வரை இவருக்கு உபவாசம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடமாட்டார். கிளம்பும்போது டம்ளரை நீட்டினேன்.

"ரெண்டே மடக்கு. டாக்டர் சொன்னாரில்ல?"

"தண்ணியக் குடிச்சுட்டுப் போய் தாகம்னு நிக்கச் சொல்றியா?" என்று கோபித்துக்கொண்டார்.

நல்ல வெயில். நாலாம் வார்த்தை முடிவதற்குள்ளேயே உதட்டை நக்கிக்கொண்டிருந்தார். தன் முறை வந்ததும் எழுந்து முன்னால் போய் நின்று, வாயைத் திறந்து "தா" என்றார். மேல் செட் கழன்று வேதபுத்தகத்தின்மேல் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவர் எடுத்து மாட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. கைக்குட்டையில் சுற்றி ஜிப்பா பையில் போட்டுக்கொண்டு வெறும் வாயால் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. இவர் நிறுத்தினார். ரயில் போன பிறகும் தொடங்கவில்லை. போதகர் பாட்டு நம்பரைச் சொன்னார். எல்லாரும் எழுந்து நின்றோம்.

அதற்குப் பிறகு வீட்டில் சாப்பாட்டு ஜெபம்கூட நான்தான் சொல்கிறேன். ஈறு வற்றிய பிறகு வேறு செட் கட்டலாம் என்றால் கையை ஆட்டிவிடுகிறார். பழைய செட் டம்ளர் தண்ணீரில் கிடக்கிறது. காலையில் தண்ணீர் மாற்றுவதும் நான்தான்.

நேற்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சாவித்ரி விளையாட்டாகக் கேட்டாள்.

"ஏன் அக்கா, சாருக்கு இப்பல்லாம் தாகமே எடுக்கறதில்லையா?"

இவர் கிணற்றடியில்தான் உட்கார்ந்திருந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.