தேவகனி டீச்சர் எழுதி வைத்த வீடு

உயில் பதிவான மறுநாள் காலையில் தேவகனி டீச்சரின் வீடு ஒரு தென்னை மர நீளத்துக்குக் கிழக்கே தள்ளி நின்றது. புதுக்கடைச் சந்தைக்கு மீன் வாங்கப் போனவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். முன்வாசலில் நின்ற பலாமரம் இப்போது அடுக்களைக்குப் பின்னால் நின்றது. அதற்கும் பின்னால் கிணறு தனியாக வெயிலில் கிடந்தது. சுவரில் கீறல் இல்லை, ஓடு ஒன்றுகூடச் சரியவில்லை. டீச்சர் வழக்கம்போல் குடத்தோடு வெளியே வந்து, கிணறு எங்கே என்று தேடிப் பார்த்து, அதுவரை நடந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தார். அடுத்த நாளும் வீடு அதே அளவு போயிருந்தது.

அவருக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். இளவயதில் நாகர்கோவிலில் எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு இடம் கிடைத்தது, தங்குவதற்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. அவ்வளவு தூரம் தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைபட்டதில்லை. ஆனால் ஆரல்வாய்மொழிப் பக்கம் இருந்த தென்முனைப் பல்கலைக்கழகத்திலிருந்து வைகுண்டராஜன் வந்து, காலத்துக்குப் பிறகு சொத்தைக் கல்விக்கு எழுதி வைப்பதைப் பற்றிப் பேசியபோது, சாயா ஆறுவதற்கு முன்பே சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கணக்குப் படிக்க வரும் பெண்பிள்ளைகள் தங்குவதற்குத்தான் இந்த வீடு. வைகுண்டராஜன் அதை அப்படியே எழுத வைத்தார். அவர் ஐம்பது வயதுக்காரர், நன்கொடைப் பிரிவை நடத்தி வந்தவர், இதுபோல் பல வீடுகளில் உட்கார்ந்து சாயா குடித்தவர். அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கோடு வந்தார், வீடு அந்த வருஷம் எங்கே நிற்கிறது என்று விசாரித்து.

வீடு நகர்வதை யாரும் கண்ணால் கண்டதில்லை. விடிந்தால் முன்னால் இருக்கும், அவ்வளவுதான். எதிர்ப்படும் மதில்கள் ஒரு நாள் விலகி நின்று மறுநாள் சேர்ந்துகொள்ளும். அந்தந்த இடத்துக்காரர்கள் ஜன்னல் வழியாகக் கரண்டுக்கு ஒரு வயரைக் கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், சிலர் குழம்பும் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆலயம் பக்கமோ அங்கே டீச்சர் ஆராதனைக்குப் போனார். கருங்கலைத் தாண்டியபோதே அவர் கணக்குப் போட்டுவிட்டார். பல்கலைக்கழகம் இவ்வளவு தூரம், ஒரு நாளைக்கு இவ்வளவு, ஆக ஏழு வருஷம். உயில் என்பது எழுதியவர் செத்த பிறகு நடப்புக்கு வருவது. எனவே வீடு போய்ச் சேரும் நாளில் தான் இருக்கப்போவதில்லை என்று முடிவு செய்து, கண்புரை ஆபரேஷனை அதற்கேற்ப முன்கூட்டியே செய்துகொண்டார்.

திங்கள்நகரில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி வீடு நின்ற நாட்களில், தம்பி மகன் ஸ்டெனி ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தான். அவன் பிறந்தது அந்த வீட்டின் தெற்கு அறையில். வீடு தனக்கு வரும் என்று நினைத்திருந்தவன், அதை வெளியே சொன்னதில்லை.

"மாமி, எல்லாரும் பாத்துச் சிரிக்கிறாவ. வீடு போனா போட்டும். நீங்க எறங்கி வாங்க, எனக்க வீட்டுல இருங்க."

"நான் எறங்கினா வீடு நிக்குமா மக்கா?"

"நிக்காட்டா போட்டும்ணுதானே சொல்லுதேன்."

"அப்போ நானும் கூடப் போறேன். வாற பிள்ளியளுக்குத் தூத்துத் தொடச்சு வைக்க ஆளு வேண்டாமா?"

ஸ்டெனி ஒழுகிய குழாயைச் சரிசெய்து, கொசுவலை வாங்கிக் கட்டிவிட்டுப் போனான்.

ஐப்பசி மழையில் வீடு வள்ளியாற்றின் நடுவில் நின்றது. வெள்ளம் வாசல்படியை நனைக்காமல் இரண்டாகப் பிரிந்து போனது. அடுக்களையில் சில நாட்கள் கெளுத்தி மீன் வாசனை இருந்தது. ஊரடங்கு வந்து பஸ்ஸும் லாரியும் நின்றபோது வீடு மட்டும் சாலையில் போய்க்கொண்டிருந்தது. தடுப்பு வைத்திருந்த போலீஸார் விசாரித்துப் பார்த்தார்கள். டீச்சர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்பதால் வழக்குப் போட முடியவில்லை. கோட்டாற்றில் தெரு குறுகலாக இருந்ததால் வீடு பக்கவாட்டில் போனது. பாத்திரக் கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் இடையில் ஒருக்களித்து நின்ற அந்த வீட்டுக்கு வைகுண்டராஜன் வந்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. கையில் கேக் இல்லை.

"டீச்சர், கணக்குத் துறைய மூடிட்டாவ."

"படிச்ச பிள்ளிய?"

"கடைசில ரெண்டு பேரு இருந்தாவ. இந்த வருஷம் ஒருத்தரும் சேரல்ல. மத்த துறையும் ஒவ்வொண்ணா போவுது. எனக்கும் வேலை இல்லைண்ணு சொல்லியாச்சு."

டீச்சர் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரில் தானும் உட்கார்ந்தார். வைகுண்டராஜன் நின்றபடியே சொன்னார்.

"இன்னொரு காரியமும் உண்டு. துறை இருந்தாலும் அவங்க இத விடுதியா வச்சிருக்க மாட்டாவ. புதுக்கடையிலேயே வித்துட்டு, யுனிவர்சிட்டியில எங்கயாவது ஒரு ரூமுக்கு ஒங்க பேரு போட்டிருப்பாவ. எல்லா வீட்டுக்கும் அப்பிடித்தான் செஞ்சாவ. எனக்கு அண்ணைக்கே தெரியும்."

"அண்ணைக்குச் சொல்லியிருந்தா நான் எழுதியிருக்க மாட்டேன்."

"ஆமா டீச்சர். அதனாலதான் சொல்லல்ல."

டீச்சர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அவருக்குக் கோபம் வரும் என்று வைகுண்டராஜன் காத்திருந்தார். அது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீச்சர் கேட்டதெல்லாம், வீட்டின் இந்த நடையை எப்படி நிறுத்துவது என்பதுதான். உயிருள்ளவரை எழுதியவர் உயிலை ரத்து செய்யலாம் என்று வைகுண்டராஜன் சொன்னார். இருவரும் ஆட்டோவில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். மத்தியானத்துக்குள் ரத்துப் பத்திரம் பதிவானது. வீடு இனி ஸ்டெனிக்கு என்று புது உயிலும் பதிவானது. ஷார்ஜாவுக்குப் போன் செய்து ஸ்டெனியிடமும் சொன்னார்கள். திரும்பும் வழியில் டீச்சர் ஒரு ஹோட்டலில் ரசவடை வாங்கித் தந்தார். வைகுண்டராஜன் அதைத் தின்றார்.

மறுநாள் காலை வீடு பலசரக்குக் கடையைத் தாண்டி நின்றது. அதே தென்னை மர நீளம், ஒரு விரல்கடைகூடக் குறையவில்லை. பார்க்க வந்த வைகுண்டராஜன் கடைப்படியில் உட்கார்ந்து, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு அழுதார். டீச்சர் அவருக்குச் சாயா கொண்டுபோய்க் கொடுத்தார். பிற்பாடு வைகுண்டராஜன் மகனோடு இருக்க ஓசூருக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

கோட்டாற்றைக் கடந்தபின் வீடு வயலில் இறங்கியது. முதல் போகமான கன்னிப்பூவுக்கு நடவு முடிந்திருந்த சமயம். வயல்காரர் ஆறுமுகப்பெருமாள் காலையில் தண்ணீர் திறக்க வந்தவர், நாற்றின் மேல் ஓட்டு வீடு நிற்பதைக் கண்டு வரப்பிலேயே நின்றார். வீடு கடந்து போன இடத்தில் பயிர் சற்று வெளுத்து, ஆனால் ஒடியாமல் நின்றது. அதனால் அவர் சண்டைக்குப் போகாமல் தண்ணீரைத் திறந்துவிட்டார். அவர் மனைவி கோமளவல்லி தினமும் சோறு கொடுத்துவிட்டாள். கொண்டு வந்தது மகள் ராஜி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள், கணக்கில் நல்ல மார்க்கு. வீடு எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று அவள்தான் விவரமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, தெற்கு அறையில் ஒரு ராத்திரி படுத்துக்கொள்ளட்டுமா என்றாள். அவள் வீட்டில் அனுமதி கொடுத்தார்கள். டீச்சர் புது விரிப்பு எடுத்துப் போட்டார், பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்திருந்தது. ராஜி அன்றைக்கு மட்டுமில்லாமல், வீடு அவர்கள் வயலைத் தாண்டும்வரை அங்கேயே படுத்தாள். பிறகு வரப்பு வழியே கொஞ்ச நாள் வந்து போனாள். தூரம் கூடிக்கொண்டே போனது.

"நானும் கூட வரட்டா டீச்சர்? அங்க வந்து சேந்துக்கிடுகேன்."

"அங்க வீடுதான் போவுது மக்கா. பாடம் இல்ல. ஒனக்க வீட்டுல என்ன சொல்லுகாவ?"

"கோயம்புத்தூருல நர்ஸிங்குக்கு சீட்டு வாங்கியாச்சு. ஹாஸ்டலும் உண்டு."

"ஹாஸ்டல் உண்டுண்ணா போ" என்றார் டீச்சர். ராஜி போனாள். அவள் படுத்த விரிப்பை டீச்சர் துவைக்காமல் கொஞ்ச நாள் வைத்திருந்தார்.

கணக்குப்படி வந்த நாளில் வீடு பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சுவரைக் கடந்து, கணிதத் துறைக் கட்டிடத்துக்கு எதிரே நின்றது. அதற்கு முந்தின மாதமே பல்கலைக்கழகத்தைப் பூட்டியிருந்தார்கள். டீச்சர் விடியற்காலையில் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, எல்லா அறைகளிலும் கட்டிலைத் தட்டி விரித்து, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து சாவுக்காகக் காத்திருந்தார். மத்தியானம் பசித்தது. கஞ்சி வைத்துக் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். வெயில் சாயும்வரை ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது வீடு அதே இடத்தில் நின்றது. ஏழு வருஷத்தில் முதல் முறையாக வாசலில் நேற்றுப் பார்த்த அதே மண்ணைப் பார்த்தார். அப்போதுதான் அவர் அழுதார். யாரும் பார்க்கவில்லை, மேலைக்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார். தினமும் அறைகளைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்தார். ஸ்டெனி போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், அவர் வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு பங்குனி மாதம் காய்ச்சல் வந்து இறந்துபோனார். புதுக்கடைக் கல்லறைத் தோட்டத்துக்கு உடலைக் கொண்டுபோன ஆம்புலன்ஸ், அந்த ஏழு வருஷ வழியை ஒன்றரை மணி நேரத்தில் கடந்தது.

வீடு சட்டப்படி ஸ்டெனியுடையது. கதவு ஜன்னலையாவது கொண்டுபோகலாம் என்று ஆசாரிகளோடு வந்தான். முதல்நாள் கழற்றி அடுக்கிய ஆஞ்சிலி மரக் கதவுகள் காலையில் அதனதன் நிலையில் மாட்டியிருந்தன. தெற்கு அறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஷார்ஜா போனான். வளாகத்தை ஒரு காற்றாலைக் கம்பெனி வாங்கியது. துறைக் கட்டிடங்களை இடித்தார்கள், வீட்டை இடிக்க முடியவில்லை, அதைச் சுற்றி வேலி போட்டு வழியை வளைத்துவிட்டார்கள். பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை லேடீஸ் ஹாஸ்டல் என்று சொல்கிறார்கள், டிக்கெட்டிலும் அப்படித்தான் அச்சாகிறது. காற்றாலையில் வேலை பார்க்கிறவர்கள் அங்கே இறங்குகிறார்கள். பெண்பிள்ளைகள் யாரும் இதுவரை இறங்கியதில்லை.