கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்த முகம்

அந்தக் கேமரா வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியே சொல்ல வெட்கம்தான். ஒரு பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டாலாவது நியாயம் உண்டு. ஒரு சாமானைப் பார்த்துப் பொறாமைப்படுவதா? ஆனால் நான் 'மஸ்' என்று கூப்பிடுகிற என் புருஷன் தேஜோ அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். நான் கழுத்துவரை முடியை வெட்டிக்கொண்டு வந்தபோது, நாலு நாள் கழித்து, "என்ன, தலைக்குக் குளிச்சியா?" என்று கேட்டவர் அவர். அதே மனுஷருக்கு லென்ஸில் ஒரு தூசி இருந்தால் வாசலில் நுழையும்போதே தெரிந்துவிடும்.

ஜாவாவின் சோலோ நகரத்தில் பதினொரு வருடமாக நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கல்யாணப் படம் எடுக்கிறோம். சேர்ந்து என்றால், நல்ல கேமரா அவருக்கு, பழைய சின்னது எனக்கு.

"இது ஃபுல் ஃப்ரேம், வின். வெயிட் அதிகம். உன் மணிக்கட்டு தாங்காது" என்பார்.

விளக்குக் கால் இரண்டையும் பேட்டரிப் பையையும் தூக்கிக்கொண்டு படியேறுவது இதே மணிக்கட்டுதான். அது மட்டும் தாங்கும்.

உள்ளதைச் சொல்வதென்றால், கெட்டிக்காரக் கேமராதான். மங்கலான மண்டபத்தில் என்னுடையது தவிடு தூவினதுபோல் எடுக்கும். அது ஃப்ளாஷே இல்லாமல் சுத்தமாக எடுக்கும். சத்தம் போடாது. சடங்கில் மாப்பிள்ளை முட்டையை மிதித்து உடைக்கிற ஒரு நொடிக்குள் இருபது படம் எடுத்துவிடும். குறை இல்லாமலும் இல்லை. பேட்டரியைத் தின்று தீர்க்கும். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தால் மகள் தெளிவாக இருப்பாள், ஓரடி பின்னால் நிற்கிற அம்மா கரைந்துபோவாள். முகத்தில் ஒரு பருவையும் மன்னிக்காது.

"உன் புருஷன் கேமரா நான் போட்ட பவுடரை எண்ணிப் பாக்குதுடி" என்பாள் ரத்ரி.

ரத்ரி மணப்பெண்களை அலங்கரிக்கிறவள். எங்களுக்கு வரும் கல்யாணங்களில் பாதி அவள் சொல்லி வருவதுதான். பெண்ணின் நெற்றியில் கறுப்பு மையால் வளைவுகள் எழுதுவதற்கு முந்தின நாள் விரதம் இருப்பாள். அவளுடைய அந்தச் சின்ன இடுப்பு விரதத்தால் வந்தது என்றுதான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

கேமராவின் பெரிய வித்தை ஒன்றைச் சொல்லவில்லையே. அது முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒருவர் முகத்தை நேராகப் படம் எடுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டால், எத்தனை பேர் நடுவிலும் அவர் கண்ணைத் தேடிப்போய் ஒரு பச்சைக் கட்டம் ஒட்டிக்கொள்ளும். எட்டுப் பேர் வரை சேர்க்கலாம். யாருக்கு முதலிடம் என்பதையும் நாமே சொல்லலாம். தேஜோ ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்ப்பார், முடிந்ததும் அழித்துவிடுவார்.

போன மாதம் லாவெயானில் ஒரு கல்யாணம். சூப் தட்டுகள் வரிசை வரிசையாகக் கைமாறிப் போய்க்கொண்டிருந்த நேரம், தேஜோ மதியத் தொழுகைக்குக் கிளம்பினார்.

"பத்து நிமிஷம் இதப் பிடி, வின். எதையும் நோண்டாத. சும்மா எடு."

முதல்முறையாக என் கையில் அந்தக் கேமரா. கனம்தான், ஆனால் என்ன சுகம்! மேடையில் இருந்த பெண்ணைப் பார்த்தேன். பச்சைக் கட்டம் அவள் கண்ணில் சமர்த்தாக உட்கார்ந்தது. அவளுடைய மல்லிகைச் சரத்தைச் சரிசெய்ய ரத்ரி குனிந்தாள். கட்டம் தாவி ரத்ரியின் கண்ணில் உட்கார்ந்தது. பெண்ணிடம் திருப்பினேன். திரும்பவும் ரத்ரி. அவள் மேடையை விட்டு இறங்கினாள். படத்தின் ஓரம் வரைக்கும் கட்டமும் கூடவே போனது.

நோண்டினேன். பட்டியலில் மூன்று முகங்கள். மூன்றாவது மாப்பிள்ளை, இரண்டாவது மணப்பெண். முதலிடத்தில் ரத்ரி. அலங்காரம் இல்லாமல், கூந்தலை அவிழ்த்துவிட்டு, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மீதி ஐந்து இடமும் காலி. அந்த ஐந்தில் ஒன்றில்கூட நான் இல்லை.

அவர் திரும்பி வந்ததும் திரையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "இது என்ன, மஸ்?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். "ஷ்ஷ்! டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். அவதான் அப்ப பக்கத்துல இருந்தா."

"ஒரே வீட்டுல இருக்கறேன். நான் பக்கத்துல இல்லையா?"

"நீதான் எப்பவும் கேமராவுக்குப் பின்னாடி இருக்கியே, வின். உன் மூஞ்சி இதுல எதுக்கு?"

அது சுருக்கென்று தைத்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. "சந்தேகம்னா நீயே அழிச்சுடு. போதுமா?" என்றார்.

'அழிக்கவா?' என்று கேமரா கேட்டது. கட்டைவிரல் வலிக்கிற அளவுக்கு அழுத்தினேன். ரத்ரி போனாள். அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அன்று சாயங்காலம் அவருக்குப் பிடித்த ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன்.

அடுத்த ஞாயிறு கிளாத்தேனில் கல்யாணம். அங்கும் அலங்காரம் ரத்ரிதான். எனக்கு ஒரு கலக்கமும் இல்லை. அவள் கைநிறைய ஊசியோடு நின்றபோது நானே போய் ஐஸ்கிரீம் கோப்பையைக் கொடுத்தேன். "என்னடி, இன்னிக்கு ரொம்பப் பாசம்?" என்றாள்.

மறுநாள் காலை படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்க உட்கார்ந்தேன். பெண் மாப்பிள்ளையின் காலைக் கழுவுகிற இடம். எந்த வீட்டிலும் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுகிற படம் அது. பெண்ணின் முகம் கரைந்து கிடந்தது. பின்னால் தூணோரமாக, கொண்டை ஊசிகளை வாயில் கடித்துக்கொண்டு நிற்கிற ரத்ரிக்கு மட்டும் இமை மயிரை எண்ணிவிடலாம். அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். மொத்தம் பதினேழு படம்.

கேமராவை எடுத்துப் பட்டியலைப் பார்த்தேன். பெண், மாப்பிள்ளை, இரண்டே பேர். பிறகு படங்களின் விவரத்தைத் திறந்தேன். பதினேழிலும் ஒரே குறிப்பு: ஃபோகஸ், மேனுவல். கேமரா தானாகப் பிடிக்கிறதை அணைத்துவிட்டு, லென்ஸ் வளையத்தை விரலால் திருப்பித் திருப்பி எடுத்த படங்கள்.

"மஸ்" என்றேன். "பொண்ணு காலைக் கழுவற படமெல்லாம் மங்கிப் போயிருக்கே?"

காப்பிக் கோப்பையோடு வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான். பார்வை பெண்ணின் மேல் விழவே இல்லை.

"இந்தக் கேமராவோட குறையே அதுதான், வின்" என்றான். "சில நேரம் தானாவே வேற யாரையாவது பிடிச்சுக்கும்."