இரண்டாவது குழாய்

உடம்பின் ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை ஒரு சின்னப் புரதக் கிண்ணத்தில் ஏந்தி வெளியே நீட்டும். காவல் செல்கள் அதைத் தொட்டுப் பார்த்து, ஆபத்தா இல்லையா என்று முடிவு செய்யும். அந்தக் கிண்ணத்தை பாக்டீரியாவில் வளர்த்தெடுத்து, புற்றுநோய்த் துணுக்கைப் பொருத்தி, சாயம் ஏற்றுவது அக்காவின் வேலை. துணுக்கை அடையாளம் காணும் செல்கள் ரத்தத்தில் இருந்தால் கிண்ணத்தைப் பற்றிக்கொண்டு ஒளிரும். ஒளிர்ந்தால்தான் புற்றுநோய் வந்த அவள் தம்பிக்குச் சோதனைச் சிகிச்சையில் இடம்.

தம்பியின் ரத்தம் கலந்த முதல் குழாயை இயந்திரத்தில் வைத்து, திரையில் ஒளிரும் புள்ளிகள் திரண்டதும் அவள் பொறுக்க முடியாமல் போன் செய்துவிட்டாள்.

"டேய், இருக்குடா. உன் ரத்தத்துல ஒளிருது."

"எனக்குள்ளயும் வேலை செய்யற ஆளுங்க இருக்காங்களா? அம்மா நம்பமாட்டாங்க," என்று தம்பி சிரித்தான்.

பிறகுதான் இரண்டாவது குழாயை இயந்திரத்தில் வைத்தாள். அதே ரத்தம், அதே கிண்ணம், அதே சாயம். துணுக்கு மட்டும் புற்றுநோய்க்குச் சம்பந்தமில்லாதது. அதில் எதுவும் ஒளிரக் கூடாது. முதல் குழாயைப் போலவே ஒளிர்ந்தது. செத்த செல்கள் எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். அவற்றைக் கழித்துப் பார்த்தாள். இரண்டு குழாயிலும் ஒளிர்வது ஒன்றும் மிஞ்சவில்லை.

திரும்ப அழைத்தபோது அம்மா எடுத்தாள்.

"பசிக்குதுன்னு அவனே கேட்டாண்டி. எத்தனை மாசமாச்சு! சாப்பிட்டுட்டிருக்கான், கூப்பிடவா?"

"முடிக்கட்டும்மா," என்றாள். "நான் லைன்லயே இருக்கேன்."

போனில் தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.