கரையில் மட்டும் ஓடும் ஏசி

கரையில் கட்டியிருக்கும்போது எங்கள் படகின் ஏசியை யாராலும் குறை சொல்ல முடியாது. எல்லா அறையும் ஜில்லென்று இருக்கும். கயிற்றை அவிழ்த்து, கோஜெக் துறையை விட்டுக் கிளம்பி, முதல் தீவைத் தாண்டுவதற்குள் ஒவ்வோர் அறையாக நின்றுவிடும். அழுத்தம் அதிகம் என்று ஏசியின் திரையில் சிவப்பு எழுத்து வரும். வாடகைக்குப் படகெடுத்து வரும் விருந்தினர்கள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்விடுவார்கள். நான் அடுப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

ருஷென்தான் கேப்டன். அவன் மனைவியான நான்தான் சமையல். போன ஆகஸ்டில் கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலேயே மயங்கி விழுந்தேன். கண் விழித்ததும் அவனிடம் சொன்னேன்: "அடுத்த கோடையும் இப்படியே வெந்துச்சுன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீ வேற ஆளைப் பாத்துக்க." அதை அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இலையுதிர்காலத்தில் படகைக் கரையேற்றி, தேய்ந்துபோன பழைய ஏசியைக் கழற்றிவிட்டு, கடல் தண்ணீர் எடுக்க அடியில் புது ஓட்டையும் போட்டுப் புதியதை வைத்தான். பட்டறையில் ஒவ்வோர் ஆணி அடிக்கும்போதும் பக்கத்திலேயே நின்றான்.

குளிர்காலத்தில் படகு துறையில் கட்டிக் கிடந்தது. அதே இயந்திரம் எங்களுக்குச் சூட்டுக்காற்று தந்தது. நான் காலுறை இல்லாமல் தூங்கினேன். பிறகு வெயில் வந்தது, விருந்தினர்கள் வந்தார்கள், படகு நகர்ந்தது, ஏசி நின்றது.

மெக்கானிக் நெஜ்தெத் வந்தார்; கைதேர்ந்தவர் என்பதால் எல்லோரும் 'உஸ்தா' என்பார்கள். துறையில் இருக்கும் பாதிப் படகுகளின் ஏசிக்கு அவர்தான் கைவைப்பார். ஏணியில் கால் வைக்கும் முன்பே, "அண்ணி, டீ இருக்கா?" என்பார். முதல் தடவை வடிகட்டியைத் திறந்து, உள்ளே அடைத்திருந்த கடற்பாசியை வழித்துப் போட்டார். அடுத்த தடவை ஏசியைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரை இழுக்கும் பம்பை மாற்றினார். அதற்கும் அடுத்த தடவை, குழாய்களுக்குள் அமிலக் கரைசலை ஓடவிட்டுக் கழுவினார். ஒவ்வொரு முறையும் ஏசி ஓடியது. ஏசிக்குள் சுற்றிய தண்ணீர் வெளியேறும் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து தண்ணீர் கெண்டி மூக்கில் வருவதுபோல் கொட்டியது.

"உங்க ஏசிக்கு என்மேல ஆசை, கேப்டன். என்னைப் பாத்ததும் ஓடுது" என்றார்.

"நீ போனதும் நிக்குதே. உன்னையும் சேத்துக் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

உஸ்தாவின் முகம் மாறிவிட்டது. "அதை மட்டும் கேக்காதீங்க."

துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். மனிதர் வாழ்நாள் முழுவதும் படகுகளுக்குள் குனிந்து வேலை பார்த்தவர். ஆனால் கரை ஒரு முழம் விலகினாலே அவருக்குக் குமட்டும். அதனால் எதையும் கட்டிய இடத்திலேயே சோதிப்பார், கிளம்பும் முன் இறங்கிவிடுவார்.

அடுத்த பயணமும் அப்படியே போனது. திரும்பி வந்ததும் என் நீலப் பையில் துணிகளை மடித்து வைத்துக் கட்டில்மேல் வைத்தேன். கோபத்தில் செய்யவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை. ருஷென் பையைப் பார்த்தான். அதைத் தொடாமல் சுற்றிப் போனான்.

இரண்டு பயணங்களுக்கு நடுவே ஒரு வெறும் நாள் கிடைத்தது. டீ குடித்துக்கொண்டிருந்த உஸ்தாவிடம் சொன்னேன்: "இன்னிக்கு நீங்க எங்ககூட வரணும். இல்லைன்னா நாளைலேருந்து இந்தப் படகுல உங்களுக்கு டீ போட ஆளிருக்காது."

அவர் கதவு வழியே தெரிந்த பையைப் பார்த்தார். ருஷெனைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எலுமிச்சம்பழம் இருக்கா?" என்றார்.

கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே அவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு தளத்தில் படுத்துவிட்டார். அப்புறம் படுக்கவும் முடியாமல் ஓரத்துக் கம்பியைப் பிடித்துத் தலையை வெளியே தொங்கப்போட்டார். கீழே ஒவ்வோர் அறையாக ஏசி நிற்கத் தொடங்கியது. நான் ஈரத் துணியோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"கேப்டன், மெதுவா!" என்று கத்தினார்.

ருஷென் வேகத்தைக் குறைத்தான்.

"இப்ப வேகமா!"

"என்னய்யா, வாந்தி எடுக்கறதுக்குத் தாளம் போடறியா?"

"தண்ணி, கேப்டன், தண்ணி! வேகமாப் போனா நின்னுடுது. மெதுவாப் போனா வருது."

எட்டிப் பார்த்தேன். அவர் தலைக்கு நேர் கீழேதான் அந்த ஓட்டை. படகு வேகமெடுத்ததும் தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது.

ஒரு குடாவில் நங்கூரம் போட்டோம். ருஷென் முகமூடி மாட்டிக்கொண்டு அடியில் போனான். மேலே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு முகமூடியைக் கழற்றினான்.

"என்ன?" என்றேன்.

"ஏசிக்குத் தண்ணி உள்ள வர்ற ஓட்டையோட மூடி. அதோட வாய் பின்பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு."

"யாரு அப்படி வெச்சா?"

அவன் ஏணிப்படியில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டினான். உஸ்தாதான் எழுந்து உட்கார்ந்து சொன்னார்: "பாய்மரப் படகுல ஜெனரேட்டருக்கு அப்படித்தான் வைப்பாங்க, அண்ணி. முன்னால பாத்தா, ஜெனரேட்டர் நிக்கும்போது கடல் உள்ள தள்ளி அதை முழுகடிச்சிடும். ஜெனரேட்டர் பம்பு எப்படி வெச்சாலும் இழுத்துக்கும். ஏசி பம்புக்கு அந்த வலு கிடையாது. தண்ணி தானா வந்து நிக்கணும். வாய் பின்னால பாத்தா, படகு வேகமா ஓடும்போது தண்ணி விலகிப் போயிடும்."

ருஷென் இளமையெல்லாம் பாய்மரப் படகுகளில் கழித்தவன். பட்டறையில் பக்கத்தில் நின்று, வாயைப் பின்னால் திருப்பு என்று சொன்னது வேறு யாராக இருக்க முடியும்?

"கடலைத் திருப்பிப் போட்டிருந்தா சரியா இருந்திருக்கும், கேப்டன்" என்றார் உஸ்தா, எலுமிச்சம்பழத்தை மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டு.

உள்ளே தண்ணீர் வரும் வால்வை மூடினோம். ருஷென் திரும்பத் திரும்ப மூச்சடக்கி மூழ்கித் திருகுகளைக் கழற்றினான். துருவேறிய ஒன்று மட்டும் அசையவே இல்லை. ஒரு திருப்புளி கடலுக்குள் போயிற்று. நான் வேறொன்றை நீட்டினேன்; அதற்குத்தான் அந்தத் திருகு அசைந்தது. மூடியின் வாயை முன்பக்கம் திருப்பி மாட்டிவிட்டு அவன் மேலே ஏறி வந்தபோது கைவிரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

துறையை நோக்கி வேகமாகத் திரும்பினோம். சமையலறையில் காற்று வரும் கம்பிவலையின் முன் நின்றேன். தீவைத் தாண்டினோம். காற்று நிற்கவில்லை. முதுகு வியர்வை குளிர்ந்தது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், தூக்கம்தான் வந்தது.

துறையில் படகைக் கட்டியதும் ருஷென் சமையலறை வாசலில் வந்து நின்றான். "போறியா?"

"படுக்கப் போறேன். ராத்திரிச் சாப்பாடு நீ செய்."

"நானா?"

"எது எந்தப் பக்கம் பாக்கணும்னு உனக்குத்தானே தெரியும்."

அறை நன்றாகக் குளிர்ந்திருந்தது. பையைக் கால்மாட்டுக்குத் தள்ளிவிட்டுப் படுத்தேன். சமையலறையில் வெங்காயம் கருகும் வாசனை வந்தது. "கேப்டன், இன்னொரு எலுமிச்சம்பழம் இருக்கா?" என்று, கரையில் இறங்கியும் தலைசுற்றல் தீராத உஸ்தா கெஞ்சுவது கேட்டது. குளிர் தாங்கவில்லை. எழுந்து பையைத் திறந்து, மேலாக மடித்து வைத்திருந்த கம்பளிச் சட்டையை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். மற்ற துணிகளைத் தூங்கி எழுந்து எடுத்து வைக்கலாம்.